கேத்தரின் ரைட்: ரைட் சகோதரர்களின் தங்கையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் ரைட் சகோதரர்களைத் தெரியும். அவர்களுக்கு ஒரு தங்கை இருந்தார் என்பது தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களிலும் ஒரு சாரார் அவரை விமானத்தைக் கண்டுபிடித்த மூன்றாவது ஆள் என்கிறார்கள். இன்னொரு சாரார் அண்ணன்மாருக்குச் சமைத்துப்போட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. அவர் உண்மையில் செய்தவை என்ன, அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதை, வழக்கமாக எழும் கேள்விகளின் வழியாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

கேத்தரின் ரைட் யார்?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரம். அங்கே ஹாத்தார்ன் தெருவில் 7ஆம் எண் வீடு. 1874 ஆகஸ்ட் 19 அன்று கேத்தரின் அந்த வீட்டில் பிறந்தார். சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அதே ஆகஸ்ட் 19 அன்று, அதே வீட்டில் பிறந்தவர் ஆர்வில். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே பிறந்தநாள். வில்பர் 1867இல் பிறந்தவர்.

அப்பா மில்டன் ரைட் ஒரு புராட்டஸ்டன்ட் சபையின் பிஷப். அம்மா சூசன். பிறந்த பிள்ளைகள் ஏழு பேர். ஓர் இரட்டைக் குழந்தைகள் பச்சிளம் வயதிலேயே இறந்துபோக, மிஞ்சியவர்கள் ஐந்து பேர்: ரூக்லின், லோரின், வில்பர், ஆர்வில், கேத்தரின். இவர்தான் கடைக்குட்டி, ஒரே மகள். வீட்டில் 'ஸ்வெஸ்' என்று கூப்பிட்டார்கள், தங்கச்சி என்பதற்கான ஜெர்மன் சொல்லின் செல்லச் சுருக்கம்.

கல்லூரியில் பட்டம் பெற்றார், லத்தீன் ஆசிரியையாக இருந்தார், அண்ணன்மாரோடு ஐரோப்பாவைச் சுற்றினார், பெண்களின் வாக்குரிமைக்காகத் தெருவில் இறங்கி நடந்தார், 52 வயதில் கல்யாணம் செய்துகொண்டார், 54 வயதில் இறந்தார்.

வீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது எப்படி?

அம்மா சூசனுக்குக் காசநோய். பல ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்து 1889 ஜூலை 4 அன்று இறந்தார். கேத்தரினுக்கு அப்போது பதினைந்து வயதுகூட முடியவில்லை. மூத்த அண்ணன்மார் இருவரும் தங்கள் பிழைப்பைத் தேடிப் போய்விட்டார்கள். அப்பாவுக்குச் சபை வேலை, மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகப் பயணம். வீட்டில் மிஞ்சியது வில்பர், ஆர்வில், கேத்தரின்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. சூசன் நோயில் கிடந்தபோது அவரைப் பார்த்துக்கொண்டவர் பெரும்பாலும் வில்பர்தான். பனிக்கட்டியில் ஹாக்கி விளையாடும்போது முகத்தில் பலமாக அடிபட்டு, படிப்புத் திட்டமெல்லாம் கலைந்துபோய் வீட்டிலேயே இருந்த காலம் அது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கியவர் அவர். அதாவது ஆண் பிள்ளை நோயாளியைப் பார்த்துக்கொள்வது அந்த வீட்டில் புதிதல்ல. ஆனாலும் அம்மா போனதும் அடுக்களை, விருந்தாளி, வீட்டுக் கணக்கு எல்லாமே மகளிடம் வந்து சேர்ந்தன. நீ என் ஒரே மகள், வயதான காலத்தில் உன்னைத்தான் நம்பியிருக்கிறேன் என்ற பொருளில் அப்பா அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அன்பான வார்த்தைகள்தான். அந்த அன்பு ஒரு பெண்ணின் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கும் எல்லை போட்டுவிட்டது என்பதும் உண்மை.

அப்படியிருந்தும் கல்லூரிக்குப் போனாரா?

போனார். இதற்காக மில்டன் ரைட்டைப் பாராட்டத்தான் வேண்டும். ஒஹாயோவிலேயே இருந்த ஓபர்லின் கல்லூரிக்கு மகளை அனுப்பினார். ஆண்களோடு சேர்ந்து பெண்களும் பட்டப்படிப்பு படிக்க 1837லேயே கதவைத் திறந்துவிட்ட கல்லூரி அது. கேத்தரின் 1898இல் பட்டம் பெற்றார். அந்த வீட்டுப் பிள்ளைகளில் கல்லூரிப் படிப்பை முடித்தவர் அவர் ஒருவர்தான். வில்பரும் ஆர்விலும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்கூட வாங்கவில்லை.

அடுத்த ஆண்டே டேட்டனில் ஸ்டீல் உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் ஆசிரியை ஆனார். கண்டிப்பானவர் என்று பெயர். ஆண் ஆசிரியர்களுக்கு அதிகச் சம்பளமும் மேல் வகுப்புகளும் கிடைக்க, தனக்குத் தொடக்க நிலை வகுப்புகள் ஒதுக்கப்படுவது அவருக்குப் பெரிய மனக்குறை. வேலைக்குப் போகத் தொடங்கியபின் வீட்டு வேலைக்கு உதவியாகக் கேரி கெய்லர் என்ற பதினான்கு வயதுச் சிறுமியைச் சேர்த்துக்கொண்டார். கேரி பல பத்தாண்டுகள் அந்தக் குடும்பத்தோடேயே இருந்தார்.

1896இல் ஆர்வில் சாகக் கிடந்தார் என்கிறார்களே?

ஆமாம், டைஃபாய்டு. வாரக்கணக்கில் காய்ச்சல் இறங்கவில்லை, நினைவும் தப்பிப்போனது. அப்பா வெளியூரில். வில்பரும், கல்லூரிக்குத் திரும்ப வேண்டிய கேத்தரினும் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தேறிய பிறகுதான் கேத்தரின் ஓபர்லினுக்குப் போனார்.

அதே ஆண்டு ஆகஸ்டில்தான் ஜெர்மனியில் கிளைடரில், அதாவது இன்ஜின் இல்லாத விமானத்தில், பறந்துகொண்டிருந்த ஓட்டோ லிலியந்தால் விழுந்து இறந்தார். அந்தச் செய்தி தன் பழைய ஆர்வத்தைக் கிளறியது என்று வில்பர் பிறகு சொன்னார். விமானக் கதை அந்த நோயாளி அறையை ஒட்டித்தான் தொடங்குகிறது.

கேத்தரின் சம்பளத்தில்தான் விமானம் செய்தார்கள், இறக்கைத் துணியைத் தைத்ததும் அவர்தான் என்று படித்தேன். உண்மையா?

இரண்டும் உண்மையில்லை. அவர் உயிரோடு இருந்தபோதே உலாவிய கதைகள் இவை. ஆர்வில் பணக்கதையைத் திட்டவட்டமாக மறுத்திருக்கிறார்.

பணம் வந்தது சைக்கிள் கடையிலிருந்து. வில்பரும் ஆர்விலும் சைக்கிள் விற்று, பழுதுபார்த்து, சொந்தமாகவும் சைக்கிள் செய்து விற்றவர்கள். 1900 முதல் 1903 வரை கிளைடர்களுக்கும் முதல் விமானத்துக்கும் ஆன செலவு, பறந்து பார்ப்பதற்காக வட கரோலினாக் கடற்கரையில் உள்ள கிட்டி ஹாக் போய்வந்த ரயில் கட்டணத்தையும் சேர்த்து, 1,000 டாலருக்குள் என்றே அவர்கள் கணக்குச் சொன்னார்கள். கடை லாபத்தில் அடங்கிவிடும் தொகை.

தையல் விஷயம் இன்னும் சுவாரசியமானது. தைத்தவர் வில்பர்! 1902 கோடையில் கேத்தரின் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. வில்பர் மணிக்கணக்கில் தையல் மெஷினைச் சுற்றிக்கொண்டிருக்கிறார், ஆர்வில் தரையில் குந்தியிருந்து தைக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் அடையாளம் போடுகிறார், வீட்டில் ஆள் இருக்க இடமில்லை என்று எழுதுகிறார். ஒரு பெண் கண்டுபிடிப்பாளர்களுக்கு உதவினாள் என்றதும் எல்லோர் மனதிலும் ஊசியும் நூலும் வந்துவிடுகின்றன. அவர் உண்மையில் செய்த வேலைகளைத் தேடிப் பார்க்காமல் விட்டதற்கு இந்த நினைப்பும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

காற்றுச் சுரங்கச் சோதனை (குழாய் போன்ற பெட்டிக்குள் காற்றை ஓட்டி இறக்கை மாதிரிகளைச் சோதிப்பது), இறக்கை வடிவம், புரொப்பெல்லர் கணக்கு, இன்ஜின் ஆகியவற்றில் அவருக்குப் பங்கு இருந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. அவரே அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

அப்படியானால் 1903க்கு முன்பு அவர் செய்த உதவிதான் என்ன?

அண்ணன்மார் இருவரும் மாதக்கணக்கில் வட கரோலினாவின் கடற்கரை மணல்மேட்டில் கூடாரம் போட்டுக்கொண்டு கிடந்தார்களே, அப்போது டேட்டனில் எல்லாம் தடையில்லாமல் நடந்தது இவரால். அப்பா, வீடு, வரும் கடிதம், பள்ளிக்கூடம் போக மிஞ்சிய நேரத்தில் சைக்கிள் கடையின் மேல் ஒரு கண். கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த மெக்கானிக் சார்லி டெய்லருக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. முதல் விமானத்துக்கு இன்ஜின் செய்தவர் அந்த டெய்லர்தான்.

கிட்டி ஹாக்கில் நடந்ததை இன்று நாம் இவ்வளவு விரிவாகத் தெரிந்துகொள்வதற்கும் கேத்தரின் ஒரு காரணம். கொசுக்கூட்டம், மணல்புயல், இரவில் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும் காற்று என்று அண்ணன்மார் அவருக்கு எழுதிய கடிதங்களில்தான் அந்த நாள்களின் உயிரோட்டம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அளவுகளும் கோணங்களும் எழுதினார்கள். தங்கைக்குக் கதை எழுதினார்கள். வீட்டில் கிண்டலுக்குக் கிண்டல் பதில் சொல்லும் ஆள் அவர்.

ஒரு சம்பவத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1901இல் அவர்களுடைய கிளைடர் எதிர்பார்த்தபடி பறக்கவில்லை. வில்பர் மனம் உடைந்து திரும்பினார். அந்த நேரம் பார்த்து, பறக்கும் கலையில் மூத்தவரான பொறியாளர் ஆக்டேவ் ஷனூட், சிகாகோவில் பொறியாளர் சங்கத்தில் வந்து பேசும்படி அழைத்தார். வில்பர் மறுக்கவே இருந்தார். கேத்தரின் விடவில்லை, நச்சரித்து நச்சரித்துச் சம்மதிக்க வைத்தார். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே அப்படித்தான் சொல்கிறார். வில்பர் உடை விஷயத்தில் அக்கறையில்லாதவர். அதனால் ஆர்விலின் சட்டை, காலர், கோட்டையெல்லாம் மாட்டி அனுப்பினார்கள். 1901 செப்டம்பர் 18 அன்று அவர் பேசிய அந்த உரை அச்சாகி, பறக்கும் ஆராய்ச்சியில் இருந்தவர்கள் தேடிப் படிக்கும் கட்டுரையானது. காற்று இறக்கையை எவ்வளவு தூக்கும் என்பதற்கு அதுவரை எல்லோரும் நம்பியிருந்த காற்றழுத்த அட்டவணைகள் சரிதானா என்ற சந்தேகத்தை அவ்வளவு பேர் முன்னால் சொல்லிவிட்ட பிறகு, அதை நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் வந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே சகோதரர்கள் சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் செய்து இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். 1903இன் வெற்றிக்கு அந்தச் சோதனைகள்தான் அடிப்படை. வில்பர் சிகாகோ போகாமலே இருந்திருந்தாலும் அதைச் செய்திருக்கலாம். ஆனால் சோர்ந்துபோன மனிதரை அந்த வாரம் எழுப்பி உட்கார வைத்தவர் தங்கைதான்.

1903 டிசம்பர் 17 அன்று அவர் எங்கே இருந்தார்?

டேட்டனில், பள்ளிக்கூடத்தில். கிட்டி ஹாக்கில் அன்று அண்ணன்மார் தங்கள் முதல் விமானத்தில் நான்கு முறை பறந்தார்கள். முதலாவது 12 விநாடி, 120 அடி. கடைசி 59 விநாடி, 852 அடி. சாயங்காலம் ஹாத்தார்ன் தெரு வீட்டுக்குத் தந்தி வந்தது. வழியில் 59 விநாடி 57 ஆகிவிட்டது, ஆர்வில் பெயரின் எழுத்தும் பிழை. 'பத்திரிகைகளுக்குச் சொல்லுங்கள், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறோம்' என்று முடிந்தது.

கேத்தரின் அந்தத் தந்தியை எடுத்துக்கொண்டு அண்ணன் லோரின் வீட்டுக்கு நடந்தார். ஷனூட்டுக்கு அன்றே ஒரு தந்தி அடித்தார். லோரின் செய்தியைப் பத்திரிகை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த நிருபருக்கு அது பெரிதாகப் படவில்லை. 57 நிமிடம் பறந்திருந்தால் செய்தியாகியிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஃபோர்ட் மையர் விபத்தில் அவர் செய்தது என்ன?

அவர் வாழ்க்கை திசை திரும்பிய இடம் இது. 1908இல் வில்பர் பிரான்சில் பறந்து காட்டிக்கொண்டிருந்தார். அதே சமயம் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஃபோர்ட் மையர் என்ற ராணுவ முகாமில் அமெரிக்க ராணுவத்துக்காக ஆர்வில் பறந்தார். செப்டம்பர் 17 அன்று புரொப்பெல்லர் உடைந்து விமானம் விழுந்தது. உடன் பறந்த லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். இன்ஜின் பூட்டிய விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவர்தான். ஆர்விலுக்கு இடது தொடை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன.

தந்தி கிடைத்ததும் கேத்தரின் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு அன்றைக்கே ரயில் ஏறினார். அதற்கப்புறம் அவர் ஆசிரியை வேலைக்குத் திரும்பவே இல்லை.

ஆறு வாரத்துக்கும் மேல் ராணுவ ஆஸ்பத்திரியில் அண்ணன் பக்கத்திலேயே இருந்தார். இரவெல்லாம் கண்விழிப்பு. பகலில் குவியும் கடிதங்களுக்கும் தந்திகளுக்கும் பதில், பார்க்க வருபவர்களில் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்ற முடிவு, பத்திரிகைக்காரர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ராணுவ ஒப்பந்தம். குறிப்பிட்ட காலத்துக்குள் பறந்து காட்டியாக வேண்டும், பறக்க வேண்டியவரோ கட்டிலில். ராணுவ அதிகாரிகளோடு பேசி அடுத்த ஆண்டு வரை அவகாசம் வாங்கியதில் கேத்தரினுக்கும் பங்கு உண்டு. 1909 ஜூலையில் ஆர்வில் சோதனைகளை முடித்தார். ராணுவம் 30,000 டாலருக்கு அந்த விமானத்தை வாங்கியது.

கடும் வலியில் இருந்த ஆர்வில் அந்த நாள்களைத் தாண்டியதே தங்கையால்தான் என்பதை அந்தக் குடும்பத்தில் யாரும் மறுக்கவில்லை. பத்து வருஷ உழைப்பில் அமைந்த சொந்த வேலையை அவர் விட்டது அதற்காகத்தான். அதைத் தியாகம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். நம் வீடுகளிலும் இதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் அவர் அண்ணன்மாரைவிடப் புகழ் பெற்றார் என்பது சரியா?

கொஞ்சம் மிகை, ஆனால் அடிப்படை இருக்கிறது. 1909 ஜனவரியில் ஆர்விலும் கேத்தரினும் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். வில்பர் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் போ என்ற ஊரில் பிரெஞ்சு விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். வில்பர் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆர்வில் அந்நியர் முன்னால் வாயே திறக்கமாட்டார், ஊன்றுகோலோடு வேறு நடந்துகொண்டிருந்தார். கேத்தரின்தான் கலகலப்பு. பிரெஞ்சு கற்றுக்கொள்ள ஆரம்பித்தார், விருந்துகளுக்குப் போனார், மன்னரோ மந்திரியோ யாராக இருந்தாலும் டேட்டனில் பேசுகிற மாதிரியே பேசினார். பத்திரிகைக்காரர்களுக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் விடுவார்களா? ஸ்பெயின் மன்னர் 13ஆம் அல்ஃபோன்சோவும் பிரிட்டிஷ் மன்னர் 7ஆம் எட்வர்டும் போ ஊருக்கு வந்து விமானத்தைப் பார்த்தார்கள், கேத்தரினோடும் பேசினார்கள். அங்கிருந்து ரோம். அதே ஆண்டு பிற்பகுதியில் ஆர்வில் ஜெர்மனியில் பறந்து காட்டியபோதும் கேத்தரின் கூடவே போனார்.

வியாபாரக் கோணத்திலும் இதைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் சகோதரர்கள் விற்க முயன்றது யாரும் அதுவரை வாங்கியிராத ஒரு பொருள். வாங்குபவர்கள் அரசாங்கங்கள், பணக்காரக் கூட்டமைப்புகள். இந்த மனிதர்களை நம்பலாம் என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்ற வேண்டும். அந்த நம்பிக்கையை விருந்து மேசையில் கட்டியெழுப்பியவர் கேத்தரின். கணக்கில் எழுத முடியாத வேலை இது, ஆனால் விமானம் விற்றதில் இதற்கும் பங்கு உண்டு.

கேத்தரின் விமானத்தில் பறந்தாரா?

பறந்தார். 1909 பிப்ரவரி 15 அன்று போ ஊரில், வில்பர் ஓட்ட, ஏறத்தாழ ஏழு நிமிடம். அந்த விமானத்தில் இருக்கையைச் சுற்றி ஒன்றுமே கிடையாது, காற்று நேராக அடிக்கும். நீளப் பாவாடை பறக்காமல் இருக்கக் கணுக்கால் பக்கத்தில் கயிற்றால் கட்டிக்கொண்டார்கள். அவர்தான் பறந்த முதல் அமெரிக்கப் பெண் என்று சில இடங்களில் இருக்கும், அது தவறு. முந்தைய அக்டோபரிலேயே, சகோதரர்களின் ஐரோப்பிய வியாபாரப் பிரதிநிதியின் மனைவி ஈடித் பெர்க் வில்பரோடு பறந்துவிட்டார்.

விமானம் ஓட்ட அவர் கற்றுக்கொள்ளவில்லை.

வில்பர் இறந்த பிறகு என்ன ஆனது?

1912 மே 30 அன்று வில்பர் டைஃபாய்டில் இறந்தார். 45 வயதுதான். உயிலில் ரூக்லின், லோரின், கேத்தரின் மூவருக்கும் தலைக்கு 50,000 டாலர் எழுதிவைத்திருந்தார். தங்கைக்கும் அண்ணன்மாருக்கும் ஒரே தொகை.

1914இல் அப்பா, ஆர்வில், கேத்தரின் மூவரும் டேட்டனை ஒட்டிய ஓக்வுட்டில் கட்டிய ஹாத்தார்ன் ஹில் என்ற பெரிய வீட்டுக்குக் குடிபோனார்கள். ஆர்வில் 1915இல் விமானக் கம்பெனியை விற்றுவிட்டார். 1917இல் அப்பா இறந்தார். அதற்கப்புறம் அந்தப் பெரிய வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும்.

அந்தக் காலத்தில் ஆர்விலின் பெரிய போராட்டம், வாஷிங்டனில் அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தோடு. அந்த நிறுவனத்தின் முன்னாள் செயலாளர் லாங்லி செய்த விமானம் 1903இல் பறக்காமல் ஆற்றில் விழுந்தது. 1914இல் அதில் பல மாற்றங்கள் செய்து கொஞ்சம் பறக்கவிட்டு, மனிதனைச் சுமந்து பறக்கக்கூடிய முதல் விமானம் இதுதான் என்று காட்சிக்கு வைத்தார்கள். ஆர்வில் கொதித்துப்போனார். கேத்தரின் இதில் முழுக்க முழுக்க அண்ணன் பக்கம். கடைசியில் 1928இல் ஆர்வில் தங்கள் முதல் விமானத்தை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். அது அமெரிக்கா திரும்பியது 1948இல், ஆர்வில் இறந்த பிறகு.

அண்ணன்மாரைத் தவிர அவருக்கென்று பொதுவாழ்க்கை இருந்ததா?

இருந்தது. 1914 அக்டோபரில் டேட்டனில் பெண்கள் வாக்குரிமை கேட்டுப் பெரிய ஊர்வலம் போனார்கள். கேத்தரின் அதற்காக முன்னின்று உழைத்தார். ஊர்வலத்தில் ஆர்விலும், எண்பத்தைந்து வயதான அப்பாவும்கூட நடந்தார்கள். அடுத்த மாதம் ஒஹாயோ ஆண்கள் வாக்களித்து அந்தக் கோரிக்கையைத் தோற்கடித்தார்கள். நாடு முழுவதும் உரிமை கிடைக்க 1920 ஆனது.

தான் படித்த ஓபர்லின் கல்லூரியின் அறங்காவலர் குழுவிலும் பின்னாளில் இடம்பெற்றார். அந்தக் காலத்தில் பெண்களுக்கு அரிதாகக் கிடைத்த பொறுப்பு அது. ஆர்வில் சம்பந்தப்படாமல், தன் படிப்பாலும் பழக்கத்தாலும் அவர் சம்பாதித்தது.

52 வயதில் கல்யாணம் செய்துகொண்டது ஏன்? ஆர்வில் ஏன் பேசாமல் போனார்?

ஹென்றி ஹாஸ்கெல் ஓபர்லினில் கேத்தரினோடு படித்தவர். மாணவப் பருவத்தில் அவருக்குக் கணக்குப் பாடத்தில் உதவியவர். பிறகு 'கான்சஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழில் பெரிய பத்திரிகையாளர் ஆனார். ரைட் குடும்பத்துக்கே நண்பர், ஆர்விலுக்கும் வேண்டியவர். 1923இல் ஹாஸ்கெலின் மனைவி இறந்தார். பழைய நட்பு கடிதங்களில் நெருக்கமாகி, 1925 வாக்கில் காதலானது.

கேத்தரின் அந்தக் கடிதங்களில் மகிழ்ச்சியும் பயமுமாகத் தவிக்கிறார். ஆர்விலிடம் எப்படிச் சொல்வது? மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். அண்ணனைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோம் என்ற குற்ற உணர்ச்சி அவரை விடவில்லை. அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது, கையில் தாராளமாகப் பணம், வீட்டில் வேலையாட்கள். இருந்தும் குற்றவாளிபோல் உணர்ந்தவர் தங்கைதான்.

விஷயம் தெரிந்ததும் ஆர்வில் இடிந்துபோனார், பிறகு கோபமானார். 1926 நவம்பர் 20 அன்று ஓபர்லினில் திருமணம் நடந்தது. ஆர்வில் போகவில்லை. தங்கை கான்சஸ் சிட்டிக்குக் குடிபோனபின் அவரோடு பேச்சுவார்த்தையை அடியோடு நிறுத்திவிட்டார். கேத்தரின் சமாதானமாகிவிடலாம் என்று காத்துக்கொண்டே இருந்தார். கணவரோடு சந்தோஷமாகத்தான் இருந்தார், ஆனால் அண்ணனின் மௌனம் அவரைத் தின்றது.

ஆர்வில் ஏன் அப்படி நடந்துகொண்டார்? வில்பர், ஆர்வில், கேத்தரின் மூவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்தே இருப்பது என்று பேசாமலே ஒரு முடிவு இருந்தது, தங்கை அதை மீறிவிட்டதாக ஆர்வில் எடுத்துக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. மனைவியும் பிள்ளைகளும் இல்லாத, வெளியாரோடு ஒட்டாத ஒரு மனிதருக்கு உலகத்தோடு இருந்த பாலம் கேத்தரின்தான் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஆர்விலின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் செய்ததை நியாயப்படுத்த முடியவில்லை. 1896இல் ஒரு முறை, 1908இல் ஒரு முறை என்று இரண்டு முறை தன் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து மீட்டெடுத்த தங்கைக்கு, அவர் தனக்கென்று கேட்ட ஒரே ஒரு விஷயத்தைத் தர மறுத்தார்.

கடைசியில் சமாதானம் ஆனார்களா?

முழுமையாக ஆனார்கள் என்று சொல்ல முடியாது. 1929இல் கேத்தரினும் ஹாஸ்கெலும் ஐரோப்பியப் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவருக்கு நிமோனியா வந்தது. ஆன்டிபயாடிக் மருந்துகள் வருவதற்கு முந்தைய காலம், நிமோனியா என்றால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து. ஆர்வில் முதலில் போக மறுத்தார். லோரின் வற்புறுத்திய பிறகே கான்சஸ் சிட்டிக்குக் கிளம்பினார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தார். கேத்தரின் 1929 மார்ச் 3 அன்று இறந்தார். கல்யாணமாகி இரண்டேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது.

உடலை டேட்டனுக்குக் கொண்டுவந்து உட்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில் அப்பா, அம்மா, வில்பர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். 1948இல் ஆர்விலையும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

அவர் சம்பந்தப்பட்ட இடங்களை இன்று பார்க்க முடியுமா?

பார்க்கலாம். பிறந்த வீடு இப்போது டேட்டனில் இல்லை. ஹென்றி ஃபோர்டு 1937இல் அந்த வீட்டையும் சைக்கிள் கடையையும் பெயர்த்தெடுத்து மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில், கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டார். ஹாத்தார்ன் ஹில் ஓக்வுட்டிலேயே இருக்கிறது. ஓபர்லின் கல்லூரி வளாகத்தில், ஆலன் நினைவுக் கலைக்கூடத்துக்கு முன்னால், ஹாஸ்கெல் கேத்தரினின் நினைவாக வைத்த நீரூற்று இருக்கிறது. இத்தாலியச் சிற்பி வெரோக்கியோ செய்த, டால்ஃபினைப் பிடித்திருக்கும் சிறுவனின் சிற்பத்தின் நகல் அதில் நிற்கிறது.

ஆனால் அவரைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கடிதங்களுக்குத்தான் போக வேண்டும். குடும்பக் கடிதங்கள் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலும் டேட்டனில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. ஹாஸ்கெலுக்கு எழுதியவை மிசூரி மாநில வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. முதலில் 1902 கோடைக்காலக் கடிதங்களைப் படியுங்கள், அப்புறம் 1925, 1926ஆம் ஆண்டுக் கடிதங்களுக்கு வாருங்கள்.